எஞ்சினுக்கு முன் தகரம்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் குறித்த கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. பர்மிங்ஹாமில் வசிக்கிறேன். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி என் கையாலேயே புதுப்பிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எந்தக் காரில் தொடங்கலாம்?

பதில்: வணக்கம். தயக்கமின்றி எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி என்பேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் செய்யப்பட்டதால், சின்னத் திருகு முதல் இருக்கை உறை வரை இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. அதன் 1798 சிசி எஞ்சின் எளிமையானது. பொறுமையும் நல்ல கையேடும் உள்ளவர் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டலாம். விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறது. பெரும்பாலான பழைய கார்களுக்கு இவ்வளவு துணை எளிதில் அமைவதில்லை.

கேள்வி: எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். எஞ்சின் அருமையாக ஓடுகிறது என்கிறார் விற்பவர். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். கெட்ட எஞ்சினைச் சரிசெய்ய ஆகும் செலவை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். துருவின் செலவோ வெட்டிப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. மேற்கூரையும் இல்லாத ரோட்ஸ்டரில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பெட்டி வடிவப் பகுதிதான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிற்கிறது. அது உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என மூன்று அடுக்குகளால் ஆனது. துரு உள்ளிருந்து கிளம்புவதால், வெளித்தகடு பளபளப்பாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சமதரையில் காரை நிறுத்தி, மூடிய கதவின் பின்விளிம்பைப் பாருங்கள். இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. ஜாக்கியால் ஒரு பக்கத்தைத் தூக்கும்போது அந்த இடைவெளி கண்ணெதிரே மாறினால், விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். பிறகு மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில்லின் மீது மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் தகரத்துக்குப் பதிலாக, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கும்.

நான் வாங்கிய முதல் காரில் இதையெல்லாம் செய்யவில்லை. வெளிச்சில் முன் மட்கார்டுக்கு அடியிலும் தொடர்ந்து செல்கிறது; முறையாக மாற்ற வேண்டுமானால் மட்கார்டைக் கழற்றியே ஆக வேண்டும். எனக்கு விற்றவரோ கண்ணுக்குத் தெரிந்த நீளத்துக்கு மட்டும், பழைய துருவின் மீதே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்திருந்தார். மட்கார்டைக் கழற்றிய அன்று, கையளவு செந்தூள் தரையில் கொட்டியது. அந்த வேலை ஒரு கோடைகாலம் முழுவதையும் விழுங்கியது.

கேள்வி: கறுப்பு ரப்பர் பம்பர் உள்ள எம்ஜிபி விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். அமெரிக்க விதிகளுக்காக 1974-இன் பிற்பகுதியில் அந்தப் பம்பர் வந்தது. காரின் உயரமும் கூடியதால் வளைவுகளில் சற்றுச் சாய்கிறது. அதற்கு முந்தைய, துருப்பிடித்த குரோம் பம்பர் காரைவிட, உடல் கெடாத ரப்பர் பம்பர் காரே நல்லது.

கேள்வி: டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் எப்படி?

பதில்: பானட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் திறந்துகொள்வதால், டயர் மீது அமர்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். இது டிரையம்ப் ஹெரால்ட் காரின் வழியில் பிறந்த கார். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை அறிந்தவர்களுக்கு முன்சக்கர அமைப்பு பழகியதாகத் தோன்றும். தனிச் சேஸிஸ் இருந்தாலும் இதிலும் சில் முக்கியமே. 1500 மாடலில் ஒருவரைக் கிளட்ச்சை அழுத்தச் சொல்லி, எஞ்சின் முன்னுள்ள கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அவை கழன்று விழுந்தபின் ஓட்டினால் எஞ்சின் பிளாக்கே பாழாகும்.

கேள்வி: பிரித்துப் பெட்டிகளில் போட்ட ஜாகுவார் இ-டைப் ஒன்று விலைக்கு வருகிறது. முதல் காராக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான நாள் முதல் கண்ணைப் பறிக்கும் கார்தான், எனக்கும் அதன்மேல் தீராத ஆசை உண்டு. ஆனால் எஞ்சினைத் தாங்கும் முன்சட்டத்தின் சதுரக் குழாய்கள் உள்ளேயே துருப்பிடிப்பவை. பாகங்களின் விலையும் மிக அதிகம். அதற்கும் மேலாக, தானே பிரிக்காத காரை முதல்முறை பூட்டுபவருக்கு எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது. என்னென்ன குறைகிறது என்பதும் பாதி வேலை முடிந்த பிறகுதான் புரியும்.

கேள்வி: என்னிடம் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. எம்ஜிபிக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் அங்குல அளவு ஸ்பேனர்கள் வேண்டும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் 13-ஐப் போட்டு இறுக்கமான போல்ட்டைத் திருப்பினால் முனைகள் மழுங்கிவிடும். எம்ஜி டிசி, டிடி போன்ற இன்னும் பழைய கார்களுக்குப் போனால் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் தனியாக வாங்க வேண்டும். அவற்றின் எஞ்சின் போல்ட்டுகளில் தலை விட்வொர்த் அளவிலும் மரை மெட்ரிக் அளவிலும் இருக்கும் என்பதால், கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பெயரெழுதிய பையில் போட்டு வையுங்கள்.