உள்ளே மடித்த துணி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் தென்காசிப் பக்கம். சின்ன வயதில் கற்றுக்கொண்ட எம்பிராய்டரியை இப்போதுதான் மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். பெங்களூரில் இருக்கும் பேத்திக்குக் கவுன் தைத்து, மார்புப் பகுதியில் பூவேலை செய்து அனுப்புகிறேன். மருமகள் நல்ல பெண்தான். ஆனால் கவுன்கள் பீரோவிலேயே கிடக்கின்றன. "போட்டுவிட்டு ஒரு போட்டோ அனுப்பும்மா" என்று கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமாகிவிட்டது. மகனோ, "இவ்வளவு நல்லா பண்றீங்க, இன்ஸ்டாகிராமில் போட்டு விக்கலாமே" என்கிறான். கண் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பழைய கால் மெஷினைத் தள்ளிவிட்டு மோட்டார் மெஷின் வாங்கலாமா? மெஷினில் தைத்தால் அது கையால் செய்துகொடுத்ததாகுமா? விற்கலாமா, வேண்டாமா? வெறும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு பாடு தேவைதானா?

அன்புடன்,
ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

கொஞ்ச நாள் முன்னால் அக்கா மகள் தன் பெண்ணுக்கு வாங்கிய பட்டுப்பாவாடையைக் கொண்டுவந்து காட்டினாள். பழக்கதோஷத்தில் அடி மடிப்பைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு விரல் அகலத்துக்குக்கூடத் துணி இல்லை. அன்றிலிருந்து அதே நினைப்பாக இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில் தையுங்கள், கண்ணாடி பவரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டாரை விடுங்கள். கால் மெஷினைத் தள்ளாதீர்கள். எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். மெஷினில் தைத்தால் கையால் செய்ததாகுமா என்றால், ஆகும். காந்தியைவிடக் கறாரான ஆள் வேண்டுமா? எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று 1924இல் அவரிடம் கேட்டபோது, சிங்கர் தையல் மெஷினைத்தான் விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைத்துப்போவதைக் காணச் சகிக்காமல் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் நடந்தது வேறு. 1850இல் பாஸ்டனில் ஒரு பட்டறையில், வேறொருவர் செய்த மெஷினைப் பணம் பண்ணுவதற்காகத்தான் சிங்கர் திருத்தி அமைத்தார். ஆனாலும் அந்த மெஷின் காந்திக்கு ஏன் பிடித்தது என்று நமக்குப் புரிகிறதே, அது போதும்.

விற்பதைப் பற்றி. அது ஒன்றும் தாழ்வில்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷன் ஊழியர் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் சம்பாதித்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் உத்தரவு 1855இல்தான் வந்தது. ஊசியால் விடுதலையைச் சம்பாதித்தவர்கள் இருக்கிற மண்ணில், விற்பது கேவலம் என்று யார் சொல்ல முடியும்? உங்களுக்குப் பணம் தேவையென்றால் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பெண் எதையாவது அழகாகச் செய்தால் உடனே 'விக்கலாமே' என்று சொல்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மகன் பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். பாராட்டுவதாக இருந்தால், "எனக்கும் ஒரு தலையணை உறை போட்டுக்கொடும்மா" என்று கேட்கட்டும்.

'வெறும் பொழுதுபோக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படி எழுதாதீர்கள், கோபம் வருகிறது.

இப்போது பீரோவில் கிடக்கும் கவுன்கள். இங்கே உங்களைத்தான் திட்டப்போகிறேன். தைத்து முடித்ததும் கவுனின் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தீர்களா? மார்பில் பூ என்றால் கட்டாயம் பிரெஞ்சு முடிச்சு இருக்கும், லேசி டெய்சி என்கிற இதழ்த் தையல் இருக்கும், ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் நூல் முனைகள் இருக்கும். அதற்குமேல் மெல்லிய மல் துணியில் லைனிங் வைத்தீர்களா? வைக்கவில்லையென்றால் அத்தனையும் பிள்ளையின் தோலில் உரசும். பிள்ளை அழும், அம்மா கழற்றிவிடுவாள். அவ்வளவுதான் கதை. இதில் அன்பில்லை, மரியாதையில்லை என்று மனதைக் குழப்பிக்கொள்ள எதுவுமே இல்லை. போட்டோ கேட்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். நேற்றுப் பிறந்த பிள்ளையிடமா ரசீது கேட்பீர்கள்?

நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்கிற தங்கள் போர்வைக்குச் செய்யும் ஊசி வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்பும் சிவப்பும் நூல், வெள்ளைப் பருத்தித் துணி. முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, வளையம் மாட்டுவதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. புரட்டிப் பார்த்தால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. உயிரோடிருப்பவர் போர்த்திக்கொள்வதும் அதுதான், இறந்தவரைப் போர்த்துவதும் அதுதான். பின்பக்கத்தை அப்படிப் பார்த்துச் செய்ய வேண்டும், டீச்சர்.

சரி, பாவாடைக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் தைத்தவர் பெரியம்மா. கோவில்பட்டியில் இருந்தார். தீபாவளிக்கு ஒரே தானில் துணி எடுப்பார். பையன்களுக்கெல்லாம் சட்டை, பெண்களுக்கெல்லாம் பாவாடை. தெருவில் நாங்கள் நடந்தால் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவருடைய பாவாடைகளில் கரைக்கு மேலே டக் இருக்கும், அதாவது துணியை உள்ளே மடித்துத் தைத்த பட்டை. இரண்டு, சில சமயம் மூன்று. அடுத்த வருடம் பள்ளி திறக்கும்போது ஒன்றைப் பிரித்துவிடுவார்.

பிரித்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பாவாடை முழுக்க வெளுத்திருக்க, மடிப்புக்குள் இருந்த பட்டை மட்டும் கடையில் எடுத்த அன்றைய நிறத்தில் இருக்கும். அதன் மேலும் கீழும் ஊசித்துளை வரிசை. தண்ணீர் தெளித்து, கட்டைவிரல் நகத்தால் அந்தத் துளைகளைத் தேய்த்துவிட்டு இஸ்திரி போடுவார். அக்கா அந்தப் பட்டையை மறைக்கப் படாதபாடு படுவாள். பெரியம்மா விடமாட்டார். "வளந்திருக்கேன்னு ஊருக்குத் தெரியட்டும்டி" என்பார்.

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு வயதுக்குமேல் பிள்ளைகள் ஆண்டுக்குச் சுமார் 5, 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் காலில்தான். பெரியம்மா போட்டது முக்கால் அங்குல டக். டக் இரண்டு மடங்கு துணியை விழுங்கும், பிரித்தால் ஒன்றரை அங்குலம் இறங்கும். ஒரு வருட வளர்ச்சிக்கு ஏறக்குறையச் சரியாக வருகிறது. அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் கதவு நிலையில் சாய்த்து நிறுத்திப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணி விட்டிருப்பார். அதையும் கெட்டியாகத் தைக்காமல் பெரிய தையலாக ஓட்டியிருப்பார், பின்னால் பிரிக்க வேண்டுமே என்று. பையன்களின் கால்சட்டையில் அந்தக் கூடுதல் துணி பின்பக்கத் தையலுக்குள் இருக்கும். ஒரு துணியைத் தைக்கும்போதே அடுத்த வருடத்துப் பிள்ளையையும் நினைத்துத் தைப்பது, அதற்கடுத்த வருடத்தையும் சேர்த்து நினைப்பது, அதுதான் வீட்டுத் தையல். எம்பிராய்டரியெல்லாம் அதற்கு அப்புறம்.

கடையில் இது கிடைக்காது. கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. ஆடைத் தொழிலில் பெரிய செலவு துணிதான். ஆயிரம் உருப்படி வெட்டும் இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டால் தாங்காது. அதுபோக ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே போகும்போது ஓரத்தில் மிஞ்சும் துணியை வெட்டித் தள்ளிவிடுகிறது. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்தால் அடுத்த கவுன் விற்கும். முன்பின் தெரியாத பிள்ளைக்கு அப்படித்தான் தைக்க முடியும். நீங்கள் பேத்திக்குத் தைக்கிறீர்கள். உங்கள் கவுனில் எவ்வளவு உள்துணி விட்டிருக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. பூவைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மருமகளுக்குப் போன் போட்டு, பிள்ளை அதிகமாக விரும்பிப் போடும் கவுன் ஒன்றை அளவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எதைப் போட்டுக்கொள்ள அவளுக்குப் பிடிக்கிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். துணி நல்ல பருத்தியாக இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போடுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். மார்பில் பூ வேண்டாம். பாவாடை வைத்த கவுனாகத் தைத்து, அடியில் இரண்டு டக் போடுங்கள். டக்கைத் தைப்பதற்கு முன்னால், உள்ளே மடிந்து போகிற பட்டையில் ஒரு வரிசை பூ போட்டுவிடுங்கள், வருடத்துக்கு ஒரு நிறமாக. மருமகளிடமும் சொல்ல வேண்டாம். அடுத்த ஜூனில் டக்கைப் பிரிக்கும்போது அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். ஆங்கர் எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்துச் சங்கிலித் தையலாகவே போடுங்கள். மடிப்புக்குள் முடிச்சு இருந்தால் இஸ்திரி போடும்போது துருத்திக்கொண்டு நிற்கும்.