மதியச் சாப்பாட்டை விட வேண்டாம், ஐந்து மணிக் காபியை விடுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. காலை 7.30 மணிக்கு ஒரு காபி மட்டும் குடித்துவிட்டு அலுவலகம் கிளம்புகிறேன். மதியம் 2 மணிக்குத்தான் சாப்பிட முடிகிறது. 3 மணி ஆனதும் கண் சொக்குகிறது. கணினித் திரையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். காபி, பிஸ்கட் என்று சமாளிக்கிறேன். 5 மணிக்கு இன்னொரு காபி. இரவு 9.30 மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டால் சுறுசுறுப்பாக இருக்குமா?

பதில்: இருக்காது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரவு 9.30 மணிக்குச் சாப்பிட்ட நீங்கள் அடுத்து உணவைத் தொடுவது மறுநாள் 2 மணிக்கு. இடையில் பதினாறரை மணி நேரம் ஓடிவிடுகிறது. அதையும் விட்டுவிட்டால் பகல் முழுவதும் காபியிலும் பிஸ்கட்டிலும்தான் ஓட வேண்டியிருக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிற்பகலில் வரும் மந்தம் சோம்பலும் அல்ல, உங்கள் குறையும் அல்ல. உடலுக்குள் ஓடும் கடிகாரமே ஏறத்தாழ 1 மணியிலிருந்து 4 மணிக்குள் நம் விழிப்பைச் சற்றுத் தாழ்த்துகிறது. சாப்பிடாமல் இருப்பவர்களுக்கும் அது வரும். நன்றாகத் தூங்கியவருக்கு அது வந்த சுவடே தெரியாமல் போய்விடும். தூக்கம் குறைந்து, வெகுநேரம் பட்டினி கிடந்து, கடைசியில் ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டவரை அது அப்படியே அமுக்கிவிடும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

உங்கள் நாளைக் காலையிலிருந்து பார்க்காமல் மாலையிலிருந்து பார்க்கிறேன். 5 மணிக் காபி தூக்கத்தைக் கெடுக்கிறது. தாமதமான பெரிய இரவு உணவு காலைப் பசியைக் கொன்றுவிடுகிறது. பசி இல்லாததால் காலையில் காபியோடு கிளம்புகிறீர்கள். அந்தப் பட்டினிதான் 2 மணிக்கு அளவு மீறிச் சாப்பிட வைக்கிறது. அதற்கடுத்த மயக்கம் மறுபடியும் காபியிடம் அனுப்புகிறது. இந்த வட்டத்தை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். என்னைக் கேட்டால் 5 மணிக் காபியில்தான் கை வைக்கச் சொல்வேன்.

காரணம் இது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது கூடக்கூடத் தூக்கம் அழுத்தும். அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடங்களில் காபியிலுள்ள காஃபின் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது. அது நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. குடித்த காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. ஆகவே 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உங்களுக்குள் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. அது நான்கைந்து கோப்பைக் காபிக்குச் சமம் என்பது உண்மைதான். ஆனால் தூக்கம் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைசிக் காபி மதியம் 1 மணிக்குள் முடியட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் தலைவலி வரலாம். முதல் வாரம் 5 மணிக் காபியை மட்டும், அடுத்த வாரம் 3 மணிக் காபியையும் விடுங்கள்.

காபிக்குப் பதில் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2 மணிக்கும் 9.30 மணிக்கும் இடையில் ஏழரை மணி நேரம் இருக்கிறது. 5 மணிக்கு நீங்கள் காபி தேடுவதற்குப் பசியும் ஒரு காரணம். அந்த நேரத்தில் உண்மையான உணவு வேண்டும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது பாதாம், கூடவே ஒரு பழம். இல்லையென்றால் ஒரு கிண்ணம் தயிர். மேசை இழுப்பறையில் பிஸ்கட் இருக்கும் இடத்தில் கடலை டப்பாவை வையுங்கள். களைத்த நேரத்தில் யாரும் யோசித்துச் சாப்பிடுவதில்லை, கைக்கு எட்டியதைத்தான் சாப்பிடுவோம். மாலையில் இப்படி ஓரளவு வயிறு நிறைந்தால் இரவு உணவு தானே சுருங்கும். காலையில் பசி தானே எழும்.

காபியில் சர்க்கரை சேர்ப்பதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. கோப்பைக்கு 2 தேக்கரண்டி என்றால் மூன்று கோப்பையில் சுமார் 24 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் மிகவும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிஸ்கட் கணக்கு தனி.

இனி மதிய உணவு. ஆலோசனைக்கு வந்த ஒருவரிடம் அன்றைய டிபன் பாக்ஸைக் காட்டச் சொன்னேன். மூடியைத் திறந்தால் விளிம்பு வரை அமுக்கி வைத்த வெள்ளைச் சோறு. ஒரு மூலையில் இரண்டு கரண்டி காய். அவரும் 3 மணிக்குக் கண் சொக்குகிறது என்றுதான் வந்திருந்தார். பெட்டியை மாற்றச் சொல்லவில்லை, உள்ளே இருந்த இடத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்தேன்: பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ பயறோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சோறு. மாவுப்பொருள் தனியாகப் போனால் வேகமாகச் செரித்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். புரதமும் நாரும் கூட இருந்தால் வயிற்றிலிருந்து உணவு மெதுவாகவே இறங்கும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டாலே அந்த ஏற்றம் குறைகிறது. செலவில்லாத மாற்றம் இது. இன்றே செய்து பார்க்கலாம்.

சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நடங்கள். மாடிப்படி, நடைவழி, எதுவானாலும் சரி. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் நடந்தால் விழிப்பும் கூடும்.

காலை உணவு எல்லோருக்கும் கட்டாயம் என்று நான் சொல்வதில்லை. அதில்லாமலே நன்றாக இருப்பவர்கள் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் அந்த வகை இல்லை என்று தெரிகிறது. வீட்டில் நேரமில்லை என்றால் இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும் எடுத்துப்போய் 9.30 மணிக்குச் சாப்பிடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலைக் கண்ணில் படும்படி வையுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

மூன்று வாரம் இப்படிச் செய்தும் களைப்பு விலகாவிட்டால் உணவை மேலும் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, தைராய்டு, ரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்து குறைவு என்று வந்தால் சாப்பாட்டுக்கும் காபி, டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அவை உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். பலமாகக் குறட்டை விடுவதாகவோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகவோ வீட்டில் சொன்னால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் சோற்றைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.