கழிமுகத்து உப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கழிமுகம் பற்றிய கட்டுரையில், அங்குள்ள உயிர்கள் 'உப்புக்குப் பழகியவை' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். கடல் மீனும்தான் உப்புக்குப் பழகியது, இதில் என்ன விசேஷம்? ஆறும் கடலும் சேரும் இடத்தில் இரண்டு பக்கத்து உயிர்களும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? பாடநூலில் அங்கே இனங்கள் குறைவு என்று படித்தேன். அவ்வளவு கஷ்டமான இடம் என்றால் எதற்காகப் போகின்றன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த வரி என் சோம்பேறித்தனம். உப்பைத் தாங்குவது பெரிய விஷயமில்லை. அது ஒரு நிலையில் நிற்காததுதான் தொல்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கடல்மீனுக்கு ஆயுள் முழுக்க அதுதான் கணக்கு. கழிமுகத்திலோ கடல் ஓதம் ஏறினால் கடல்நீர், வற்றினால் ஆற்றுநீர், பெருமழை என்றால் நாள்கணக்கில் ஏறக்குறைய நன்னீர். வெளியே உப்பு குறைந்தால் நீர் உள்ளே புகுந்து செல் வீங்கும், கூடினால் சுருங்கும்.

பாடநூல் சொன்னது சரி. லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் உப்புள்ள நீரில்தான் விலங்கினங்கள் மிகக் குறைவு என்று ஜெர்மன் விலங்கியலாளர் அடால்ஃப் ரெமானே 1934இல் பால்டிக் கடலை வைத்துக் காட்டினார். அடித்தரையில் வாழும் விலங்குகளுக்கான கணக்கு அது. மிதக்கும் நுண்ணுயிர்களுக்குப் பொருந்தாது என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு.

தகவமைவு என்றதும் ஏதோ வீரத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். பெரும்பாலானவை செய்வது நழுவல்தான். சிப்பி தன் ஓடுகளை இறுக்க மூடிக்கொண்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கும். புழுவும் நண்டும் சேற்றுக்குள் போய்விடும்; மேலே ஓடும் நீரின் உப்பு மாறுகிற வேகத்தில் சேற்றுக்குள் இருக்கும் நீரின் உப்பு மாறுவதில்லை. ஆனால் அங்கே மூச்சுக்குப் பஞ்சம். ஒரு நண்டு வளையை மண்வெட்டியால் பிளந்து பாருங்கள். சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருக்கும். வளையின் சுவரில் மட்டும் துருப்பிடித்தாற்போல் மெல்லிய பழுப்புப் படலம். வளை வழியாக வந்த ஆக்சிஜன் அந்த அளவுக்குத்தான் எட்டியிருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது கடலில் பிறக்கும் இறால் குஞ்சு. ஆற்றோட்டத்தை எதிர்த்து நீந்தும் தெம்பு அதற்கு ஏது? ஏற்றத்தில் மேலே எழும்பி நீரோடு உள்ளே வரும், வற்றத்தில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இப்படியே ஓசிப் பயணத்தில் கழிமுகத்துக்குள் வந்துவிடும்.

நிஜமாகவே உழைக்கிறவையும் உண்டு. கொடுவா மீன் கடலில் இருக்கும்போது கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றும். ஆற்றுக்குள் ஏறிவிட்டால் அப்படியே தலைகீழ்: தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, நிறையச் சிறுநீர் கழித்து, அதே செவுளால் உப்பை உள்ளே இழுக்கும். கழிமுகத்து மரங்களுக்கு நகர வழியில்லை. சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும். வெண்கண்டல், வடிகட்டியும் உள்ளே வந்துவிடும் உப்பை இலைச் சுரப்பிகள் வழியாகத் தள்ளும். ஒருமுறை அந்த இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், நல்ல கரிப்பு.

சரி, எதற்காகப் போகின்றன? சாப்பாட்டுக்கு. ஆறு கொண்டுவரும் களிமண் துகள்கள் உப்புநீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும். அதோடு மக்கிய இலைகள், அவற்றைத் தின்னும் பாக்டீரியா, அதைத் தின்னும் புழு. கலங்கலும் ஆழக்குறைவும் குஞ்சுகளுக்கு மறைவிடம். போட்டியிட வருகிற இனங்கள் கொஞ்சம் என்பதால், தாக்குப்பிடிப்பவை எக்கச்சக்கமாகப் பெருகுகின்றன.

அப்புறம், கழிமுகத்திலேயே குடியிருக்கும் சேற்று நண்டுகூட முட்டை பொரிக்கும் நேரத்தில் கடலுக்குப் போகும். அதன் குஞ்சுகளுக்கு உப்பு குறைந்த நீர் ஒத்துக்கொள்ளாது. 'பழகியவை' என்ற சொல்லைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்.