விண்டோஸ் போட்டதும் உபுண்டு மெனு ஏன் வருவதில்லை?

கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் சிறு நிரல்தான் பூட் லோடர். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் பெயர் கிரப்; எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் மெனுவைக் காட்டுவது அதுதான். எந்த பூட் லோடரை முதலில் அழைப்பது என்ற வரிசை, யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) உள்ள கணினிகளில் மதர்போர்டிலேயே பதிவாகியிருக்கும். உபுண்டுவுக்குப் பிறகு விண்டோஸை நிறுவினால், அது தன் பெயரை அந்த வரிசையில் முதலாவதாக எழுதிக்கொள்ளும். இரண்டு குடித்தனம் உள்ள வீட்டுக்குப் புதிதாக வந்த காவலாளி, வருகிறவர்களையெல்லாம் ஒரே வீட்டுக்கு அனுப்புவது மாதிரி.

சரி, என்ன செய்வது? ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் விசையை (கணினிக்குக் கணினி மாறும்) அழுத்தி யூஇஎஃப்ஐ அமைப்புகள் (செட்டிங்ஸ்) திரைக்குள் போங்கள். பூட் வரிசையில் 'உபுண்டு'வை மேலே ஏற்றிச் சேமியுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

மெனு வராததைப் பார்த்து உபுண்டுவே அழிந்துவிட்டது என்று மறுபடி நிறுவிவிடாதீர்கள். அதன் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை) அழிக்காதவரை உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்.