மறதி இல்லாத மறதி நோய்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகளாக அவர் குணமே மாறிவிட்டது. துட்டி கேட்கப் போன வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சிரித்துக் கேலி பேசினார். இனிப்பை அதிகம் தொடாதவர், இப்போது அரைக் கிலோ அல்வாவை ஒரே மூச்சில் தின்கிறார். எனக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்றுகூட, சாப்பாடு எப்போது வரும் என்றுதான் விசாரித்தார். ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்கிறார். தேதி, கிழமை எல்லாம் சரியாகச் சொன்னதால், மறதி நோய் இல்லை என்று மருத்துவர் ஒருவர் சொல்லிவிட்டார். கொழுந்தனார் இதைத் திமிர் என்கிறார். மாமியார் பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கோயிலுக்குப் போய் வாருங்கள், அதோடு மூளை நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் தாமதமின்றிப் பார்த்துவிடுங்கள். கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் மாற்றங்கள் ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்னும் நோயைத்தான் முதலில் நினைக்க வைக்கின்றன. டிமென்ஷியாவை நாம் முதுமை மறதி என்றே எழுதிப் பழகிவிட்டோம். இந்த நோய்க்கு அந்தப் பெயரின் இரண்டு சொற்களுமே பொருந்துவதில்லை. இது பெரும்பாலும் 45 வயதுக்கும் 65 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது, தொடக்கத்தில் மறதி பெரிதாகத் தெரிவதும் இல்லை. நோய் பிடிபடாமலே ஆண்டுகள் கழிவதில் அந்தப் பெயருக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

அல்சைமர் நோய், பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் முதலில் தாக்குகிறது. அதனால்தான், காலையில் வந்துபோன மகளைப் பற்றி மாலையில் "அவள் ஏன் வரவே இல்லை?" என்று கேட்பவரும், பிறந்து வளர்ந்த மாசி வீதிகளுக்குள்ளேயே திசை தெரியாமல் நிற்பவரும், வீட்டுக்கு வந்தவரை மட்டும் "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று முறை தவறாமல் உபசரிக்கிறார்கள். உங்கள் கணவரிடம் காண்பது இதற்கு நேர்மாறானது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலும், நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் உள்ள மடலின் முன்பகுதியும் சுருங்கும்போது, எந்த இடத்தில் எதைப் பேசக் கூடாது என்று நாக்கைப் பிடித்து நிறுத்தும் திறனும், அடுத்தவர் வலியை உணரும் திறனும், போதும் என்று இலையிலிருந்து கையை எடுக்கவைக்கும் கட்டுப்பாடும் குலைந்துவிடுகின்றன. பாக்கிக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. 52 வயது வரை இல்லாத திமிர் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கொழுந்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

தேதி, கிழமை கேட்கும் சுருக்கமான சோதனையில் இந்த நோயாளிகள் தொடக்கத்தில் நல்ல மதிப்பெண்ணே பெறுவதுண்டு. தம்மிடம் மாற்றம் இருப்பதை அவர்களால் உணரவும் முடிவதில்லை. எனவே உங்கள் வாக்குமூலம் ஸ்கேனுக்கு நிகரானது: முன்பு எப்படி இருந்தார், எது எப்போது மாறியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவர் உடனில்லாத நேரத்தில் மருத்துவரிடம் கொடுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் ஆகிய இரு பிரிவுகளும் இருக்கின்றன. தைராய்டு, பி12 குறைபாடு போன்றவற்றை இரத்தப் பரிசோதனையும், மூளைச் சுருக்கம் எந்தப் பகுதியில் என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் காட்டும், மனச்சோர்வும் பிற மனநோய்களும் இதே தோற்றம் காட்டக்கூடும் என்பதால் அவற்றையும் மருத்துவர் ஆராய்வார்.

அதற்குள் ஒன்று செய்யுங்கள். நினைவு நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் கல்லாவையும் கைபேசிப் பணப் பரிமாற்றத்தையும் பத்திரக் கையெழுத்தையும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் முதலில் பறிபோவது சீர்தூக்கிப் பார்க்கும் அறிவு. புத்திமதி சொல்வதைவிட அல்வாப் பொட்டலத்தைக் கண்ணில் படாமல் வைப்பது பயன் தரும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியையான என் அம்மாவுக்கு 63 வயது. முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னால், "முருங்கைக்காய் என்றால் என்ன?" என்கிறார். ஆனால் சந்தைக்குத் தனியே போய்த் திரும்புகிறார். பக்கத்து வீட்டில் அல்சைமருக்குத் தரும் மாத்திரையை இவருக்கும் தரலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: தராதீர்கள். அல்சைமர் நோயாளி சொல் வராமல் தவித்தாலும், "அதுதான், நீளமாக, சாம்பாரில் போடுவோமே" என்று பொருளைச் சுட்டிவிடுவார். உங்கள் அம்மாவுக்குச் சொல்லோடு பொருளும் நழுவுவதுபோல் தெரிகிறது. ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியாவில் இப்படி மொழியில் தொடங்கும் வகைகள் உண்டு. 1892-இல் பிராகாவில் மருத்துவர் ஆர்னால்டு பிக் முதன்முதலில் விவரித்த நோயாளியும் மொழியை இழந்தவரே. அதே வேளையில், பேச்சுத் தடுமாற்றத்தில் தொடங்கும் அல்சைமரும் இருப்பதால், வீட்டிலேயே முடிவுகட்டுவது சரியல்ல.

டோனெபெசில் போன்ற மாத்திரைகள், அல்சைமரில் குறைந்துவிடும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை மூளையில் கூட்டுகின்றன. ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியாவில் குறை அதுவன்று. படிவதும் அல்சைமரின் அமிலாய்டு அன்று, பெரும்பாலும் டௌ அல்லது டி.டி.பி.-43 என்னும் புரதம். ஆகவே அம்மாத்திரைகளால் நன்மை கிடைப்பதில்லை, சிலருக்குப் படபடப்பும் எரிச்சலும் கூடுகின்றன. நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. நடத்தைக் கோளாறுகளைத் தணிக்கச் சில மனச்சோர்வு மருந்துகளும், மொழிக்குப் பேச்சுப் பயிற்சியும் உதவுகின்றன.

கேள்வி: அப்பாவுக்கு ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா என்று உறுதியாகியிருக்கிறது. பெரியப்பா கைகால் தசைகள் மெலிந்து, விழுங்க முடியாமல் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: இருக்கக்கூடும், மருத்துவரிடம் பெரியப்பாவைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் விவரிப்பது, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் இயக்க நரம்பணு நோயாக இருந்தால், அதற்கும் இதற்கும் பொதுவான காரணமாக விளங்கும் சி9ஓஆர்எஃப்72 என்னும் மரபணுக் கோளாறு 2011-இல் கண்டறியப்பட்டிருக்கிறது. அக்கோளாறு உடையவரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு 50 சதவீதம். ஃபிரன்டோடெம்போரல் டிமென்ஷியா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒற்றை மரபணுக் காரணம் இருப்பதில்லை. முதலில் அப்பாவின் இரத்தத்தில் சோதிப்பதே முறை. அவரிடம் கோளாறு இருப்பது தெரிந்தால், நீங்கள் சோதித்துக்கொள்வதா வேண்டாமா என்பதை மரபணு ஆலோசகரிடம் பேசிய பிறகு முடிவு செய்யுங்கள்.