துப்பாக்கி ரவை வளையமாக விழுவது ஏன்?

தக்கலை அண்ணாச்சி, அமெரிக்காவில் உங்கள் மகன் குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற ரைஃபிளில் ஈய ரவை (பொடி ஈயக் குண்டுகள்) போட்டுச் சுட்டால், குறிக் காகிதத்தில் நடுவே ஒன்றும் படாமல் வளையமாக விழுகிறது, ரவை மட்டமா என்று கேட்டிருந்தீர்கள். ரவையில் குறையில்லை. குழலுக்குள் இருக்கிற சுருள் வரிகள் ரவைக் கூட்டத்தையே சுழற்றிவிடுகின்றன. மழையில் குடையைச் சுழற்றினால் துளி வெளியே தெறிக்குமே, அதே கதை. வரி 28 அங்குல நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்றால் ரொம்ப மோசம். 66-க்கு ஒன்று என்றால் கொஞ்சம் தேவலாம். வெடிமருந்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், வேகத்தோடு சுழற்சியும் ஏறும். ரவைக்கு வரியில்லாத வழவழப்புக் குழல்தான் சரி.

அப்புறம், ஊருக்குக் கொண்டுவரும் யோசனை இருந்தால், இந்த வகைத் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். முதலில் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் விசாரித்துவிடுங்கள்.