விழப்போகிற பால்பல்லுக்குச் சிகிச்சை எதற்கு?

ஐந்து வயது மகளின் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகிவிட்டது என்றும், எப்படியும் விழப்போகிற பல்லுக்கு ஏன் செலவு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஈரோட்டில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறவன் என்பதால், அப்பாருகளும் ஆத்தாக்களும் (தாத்தா பாட்டிகள்தான்) இதையே என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்.

முன்பற்களுக்கு அவர்கள் வாதம் ஓரளவு பொருந்தும். அவை பெரும்பாலும் 6, 7 வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால்பற்களோ 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. உங்கள் மகள் இன்னும் பல ஆண்டுகள் அவற்றால்தான் மெல்ல வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, அடியில் உருவாகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவையே. ஏறத்தாழ 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். (இதையும் பால்பல் என்று எண்ணிக் கவனிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.) அதற்கு முன்னால் இருக்கும் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால், இந்தப் புதுப்பல் முன்னோக்கிச் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்; பிறகு முளைக்கும் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வர, மேல்வரிசையில் 11, 12 வயதில் தாமதமாக வரும் கோரைப்பல் இடமில்லாமல் ஈற்றுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தெத்துப்பல் எல்லாமே பரம்பரையால் வருவதில்லை. சில இப்படியும் வருகின்றன.

ஆகவே சொத்தை ஆழமில்லை என்றால் அடைத்துவிடுங்கள். நரம்பைத் தொட்டிருந்தால் நரம்புச் சிகிச்சை செய்து பல்லின் மேல் உறை (கேப்) போட்டுக்கொள்ளலாம். எடுத்தே தீர வேண்டிய நிலை என்றால், இடத்தைக் காக்கும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்ற கம்பி வளையம் தேவையா என்று கேட்காமல் வீடு திரும்பாதீர்கள்.

வெள்ளைச் சர்க்கரைதான் பல்லைக் கெடுக்கும், நாட்டுச் சர்க்கரை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வலுவானது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே நாட்டுச் சர்க்கரை அனுப்பும் கவுந்தப்பாடியை அருகில் வைத்துக்கொண்டு இதை மறுப்பது எளிதல்ல; ஆனால் வாயிலுள்ள கிருமிகள் இரண்டையும் ஒன்றுபோலவே அமிலமாக்குகின்றன. எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே ஒரு நாளில் எத்தனை தடவை என்பதும் முக்கியம். உறங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால், இனிப்புப் பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குவதுதான் மிகவும் மோசம்.

மகளுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் குழி விழாமலேயே தடுத்துவிடலாம். ஃப்ளோரைடு பற்பசையை 3 வயதுக்குள் அரிசி மணி அளவும், அதன்பின் 6 வயது வரை பட்டாணி அளவும் வையுங்கள். 7, 8 வயது வரை இரவில் நீங்களே துலக்கிவிடுங்கள். விரல் சூப்பும் பழக்கம் 4 வயதைத் தாண்டியும் நீடித்தால், மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.